கீழக்கரையில் ஓர் அபார்த் புன்டோ: எதை மாற்றினேன், எதைத் தொடவில்லை

2015 அக்டோபரில் ஃபியட் அபார்த் புன்டோ காரை இந்தியாவில் இறக்கியபோது ஷோரூம் விலை 10 லட்சத்துக்குள் இருந்தது. அந்தக் காசுக்கு 1.4 லிட்டர் டி-ஜெட் டர்போ எஞ்சின், 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர் டார்க், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். அன்றைக்கு வேறு யாரும் இப்படிக் கொடுக்கவில்லை. வாங்கவும் ஆளில்லை என்பது வேறு கதை. பிஎஸ்6 புகை விதி வருவதற்குள் ஃபியட் கடையைக் கட்டிவிட்டது. நான் கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்த வண்டி வருடக்கணக்காக என்னிடம் இருக்கிறது. வேலைகளில் பெரும்பகுதியை வீட்டு வாசலிலேயே செய்கிறேன்.

வீடு கீழக்கரையில், ஏர்வாடிக்குப் போகும் பக்கம். கடல் நடக்கிற தூரம். இந்தக் காரைப் பற்றி இணையத்தில் நான் படித்த யோசனைகளில் பாதி இங்கே செல்லாததற்குக் காரணம் இதுதான். காரைக்குடியில் இருக்கும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) மண்டபத்தில் ஆய்வு நிலையம் வைத்து, உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் போட்டு அரிப்பை அளக்கிறது. துருவைப் பற்றி ஆராய இதைவிட வசதியான இடம் அவர்களுக்கு அகப்படவில்லை போலும். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே 2022 டிசம்பரில் துரு நிறுத்திவிட்டது. ஃபியட்டின் தகரம் எம்மாத்திரம்? அதனால் என் செலவுக் கணக்கில் துரு முதலில், பிரேக் அடுத்து, சூடு அதற்கடுத்து. பவர் கடைசி.

முதலில் அடிப்பாகம். வாங்கிய கையோடு பலரும் செய்வது கறுப்பு ரப்பர் கோட்டிங். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு கல் தெறித்து மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டால் போதும், உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து கோட்டிங்குக்கும் தகட்டுக்கும் நடுவில் தங்கிவிடும். வெளியே பளபளப்பு, உள்ளே பொருபொரு. என் வண்டியில் பழைய கோட்டிங்கைச் சுரண்டி எடுத்துவிட்டு மெழுகு வகைப் பூச்சு அடித்தேன். இது முழுசாகக் காயாது, விரிசலும் விடாது. சிறு கீறல் விழுந்தாலும் தானாகவே வழிந்து மூடிக்கொள்ளும். கதவுக்குள், கதவுக்குக் கீழே நீளும் சில் பெட்டிக்குள், டிக்கி மூடியின் மடிப்புக்குள் எல்லாம் நீளக் குழாய் வைத்து அடிக்க வேண்டும். மழைக்கு முன்னால், புரட்டாசியில், வருடா வருடம் ஒரு முறை. தூசி ஒட்டி அசிங்கமாகத்தான் தெரியும். குனிந்து யார் பார்க்கப் போகிறார்கள்?

கழுவுவதிலும் ஒரு சிக்கல். தனுஷ்கோடி போய்விட்டு வந்தால் அடியைக் கழுவ வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அரிச்சல்முனைப் பக்கம் காற்று பலமாக இருக்கிற நாளில் சாரல் ரோட்டைத் தாண்டி விழும். ஆனால் எதால் கழுவுவது? எங்கள் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் கடல் உப்பு போய் கிணற்று உப்பு ஒட்டும், அவ்வளவுதான். குடிக்கக் காவிரித் தண்ணீரைக் காத்திருந்து பிடிக்கும் ஊரில் காருக்கு நல்ல தண்ணீர் ஊற்றினால் வீட்டில் கேள்வி வரும். மாடியில் விழும் மழைத் தண்ணீரை ஒரு சின்டெக்ஸ் டேங்கில் பிடித்து, சின்ன பிரஷர் வாஷரை அதில் இணைத்திருக்கிறேன். இதுவரை காருக்குச் செய்ததிலேயே உருப்படியான அப்கிரேடு இதுதான் என்பேன், காரில் எதையும் மாட்டாமலே.

அப்புறம் போல்ட். எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஆக்கிவிடு என்பார்கள். துருப்பிடிக்காதுதான். ஆனால் அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை முறுக்கி, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. போல்ட் அப்படியே இருக்கும், அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். பலமும் குறைவு: கடையில் கிடைக்கும் ஏ2-70 வகை 700 மெகாபாஸ்கல் தாங்கும், சஸ்பென்ஷனில் வரும் 10.9 வகை 1,000க்கு மேல் தாங்கும். எனவே பிரேக்கிலும் சஸ்பென்ஷனிலும் ஸ்டெயின்லெஸ் வேண்டவே வேண்டாம். நம்பர் பிளேட், மட்கார்டு மாதிரி பாரம் தாங்காத இடங்களுக்கு மட்டும் 316 கிரேடு வாங்குங்கள். சாதாரண 304இல் இல்லாத, உப்பு அரிப்பைத் தாங்க உதவும் மாலிப்டினம் அதில் இருக்கிறது. விசைப்படகு சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

படகு என்றதும் பக்கத்து வீட்டுக் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஞாபகம் வருகிறது. விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். கார் பக்கமே வரமாட்டார், "இதெல்லாம் வெளயாட்டுச் சாமான்" என்பார். ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு என் வண்டி ஸ்டார்ட் ஆக மக்கர் செய்தது, ஓடும்போது குலுங்கியது, எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்கேன் செய்தால் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் ஒழுங்காக எரியவில்லை. மதுரையில் ஒரு பட்டறையில் இக்னிஷன் காயிலை மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். குலுக்கல் அப்படியே இருந்தது. காக்கா வேலியருகில் நின்றபடியே கேட்டார்: "தம்பி, எர்த்தப் பாத்தியளா?"

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, தம்பியை விட்டு ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னேன். 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மீட்டர் 1 வோல்ட்டைத் தாண்டி நின்றது. பேட்டரி நெகட்டிவிலிருந்து வரும் எர்த் கேபிளைக் கழற்றினால் அதன் முனையில் இருக்கும் லக் முழுக்கப் பச்சைக் களிம்பு. உறையை நாலு விரற்கடை கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு நிறமே இல்லை, கறுத்துப்போய் கிள்ளினால் உடைகிறது. உறைக்குள்ளேயே ஈரம் ஏறியிருக்கிறது. படகில் போடுகிற மாதிரி வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிளைக் காக்காவே வெட்டி, லக் அமுக்கி, ஹீட் ஷ்ரிங்க் போட்டுத் தந்தார். குலுக்கல் அன்றோடு போயிற்று. அதற்குப் பிறகு எந்தக் கனெக்டரைக் கழற்றினாலும் சிலிக்கான் கிரீஸ் தடவாமல் திரும்ப மாட்டுவதில்லை.

பிரேக்கில் நான் மாற்றியது பேடும் ஆயிலும் ஹோஸும்தான். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தக் காற்றில் நான் வருடம் ஒன்றைத் தாண்டவிடுவதில்லை. காலிப்பர் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைப்பதும் அதே நாளில். மணலில் ஜாக் வைத்தால் புதையும் என்பதால் பனஞ்சட்டத்தில் இரண்டு துண்டு அறுத்து வைத்திருக்கிறேன். ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் நுழையாதீர்கள், எத்தனை அவசரமானாலும் சரி.

வேலைக்கு மாதமும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் காற்று மணலை வாரி அடிக்கும்போது எஞ்சினில் எதையும் திறக்க மாட்டேன். ஏர் ஃபில்டருக்கும் இதே கதைதான். உறுமல் சத்தத்துக்காகத் திறந்த கோன் ஃபில்டர் போடச் சொல்லி நண்பர்கள் நச்சரித்தார்கள். டர்போவின் கம்ப்ரஸர் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது. பொடி மணல் அதன் விளிம்பைத் தேய்த்துவிடும். கம்பெனிப் பெட்டி, காகித ஃபில்டர், சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றம். இதில் பேரமே இல்லை.

சூட்டை அளக்க, ஸ்கேனர் செருகும் ஓபிடி போர்ட்டில் ஒரு புளூடூத் டாங்கிள் மாட்டியிருக்கிறேன். போனில் பார்க்கலாம். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் போட்டோ எடுக்க வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். சித்திரை வெயிலில் அங்கே ஊர்ந்தால் எஞ்சினுக்குள் போகும் காற்றே 65, 70 டிகிரி காட்டும். அந்தச் சூட்டில் எஞ்சின் நாக் அடிக்காமல் (பெட்ரோல் நேரம் தப்பி வெடிப்பதுதான் நாக்) இருக்க, எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியு தீப்பொறியைத் தாமதமாக்கும், வண்டி சோம்பிப்போகும். டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் இன்டர்கூலரைப் பெரிதாகப் போட்ட பிறகும் நிற்கும்போது ஏறத்தான் செய்கிறது. ஆனால் மண்டபம் தாண்டிக் கொஞ்சம் காற்று பட்டதும் மளமளவென்று இறங்கிவிடுகிறது. இன்டர்கூலரின் மெல்லிய தகடுகளில் மணலும் பூச்சியும் அப்புவதால் அடிக்கடி தண்ணீர் விட வேண்டும், மெதுவாக.

இதெல்லாம் முடித்த பிறகுதான் ரீமேப், அதாவது பவரைக் கூட்ட ஈசியு புரோகிராமை மாற்றுவது. கோயம்புத்தூரில் செய்தது. அப்போது 95 ஆக்டேன் பெட்ரோல் எங்கள் பக்கம் எல்லா பங்க்கிலும் கிடைக்கவில்லை. எனவே அன்றைய சாதாரண 91 ஆக்டேனுக்கே ஏற்ற மேப் கேட்டு வாங்கினேன். பவரை அளக்கும் டைனோ மெஷினின் தாளில் 165 குதிரைக்குப் பக்கம். 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் இழுவை நன்றாகவே தெரிகிறது. ஆனால் சாயல்குடி வரை நீளும் அந்த நேர்ச் சாலையில் எந்த இடத்திலும் ஆடு வரலாம், வாலிநோக்கம் பக்கம் உப்பு லாரி வரலாம். கூடுதல் இருபது குதிரையை முழுசாகப் பயன்படுத்தும் நேரம் சொற்பம். மைலேஜ் 11, 12 என்று பழையபடியே.

ஸ்பிரிங்கைத் தாழ்த்தவில்லை. கம்பெனி கொடுத்த 155 மில்லிமீட்டர் இடைவெளியே எங்கள் தெரு வேகத்தடைகளுக்குத் தடுமாறுகிறது. சைலன்ஸரையும் சத்தமாக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவும், 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தெளிவாக இருக்கின்றன: தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. ரீமேப் போடுகிறவர்கள் இன்ஷூரன்ஸ் விஷயத்தையும் யோசித்துவிட்டு இறங்குங்கள். சீமைக் கருவேல முள்ளுக்கு மட்டும் எந்த அப்கிரேடும் இல்லை. டிக்கியில் பஞ்சர் கிட்டும் சின்ன ஏர் பம்பும் எப்போதும் கிடக்கும்.

உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: ஃபியட்டின் இன்னொரு காரான லீனியா டி-ஜெட்டுக்கு வரும் எஞ்சின் சாமான்களில் பல இதற்கும் பொருந்தும், பார்ட் நம்பரைச் சரிபார்த்து வாங்குங்கள். பம்பர், விளக்கு போன்றவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டையில் அலைய வேண்டும். டைமிங் பெல்ட் கிட்டைக் கிடைக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள், வாட்டர் பம்ப்போடு சேர்த்து.

இந்தக் கரையோரத்தில் ஓடிய வண்டியை வாங்குவதானால் பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஜாக் வைக்கும் இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். பின் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், பேட்டரித் தட்டின் அடிப்பாகம், டிக்கி ரப்பர் பீடிங்கை உரித்தால் தெரியும் விளிம்பு, இந்த மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கிண்ணத்தில் துரு அடுக்கடுக்காக உரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். மேலோட்டமான செந்நிறம் மட்டும் என்றால் பேரம் பேசலாம்.