கூடார முகாமில் பார்பிக்யூ: கரி அடுப்பா, கேஸ் அடுப்பா?

பிரிட்டன் முகாம் தளங்களில் அடுத்தடுத்த கூடாரங்களுக்கு இடையே பொதுவாக விடும் இடைவெளி 6 மீட்டர். காற்று திரும்பினால் அடுப்புப் புகை பக்கத்துக் கூடாரத்துப் படுக்கையில் ஏறிவிடும். அதனால் எந்த அடுப்பானாலும் முதலில் காற்றின் திசையைப் பாருங்கள்.

கரியில் தொல்லையே பற்றவைக்கும் நேரம்தான். பற்றவைக்கும் திரவம் ஊற்றினால் நாற்றம், ஈரக் கரியென்றால் கண் எரிச்சல். சிம்னிக் குழாயில் (கரி பற்றவைக்க உதவும் உலோக உருளை) காய்ந்த கரியை நிரப்பி, அடியில் காகிதம் வைத்துக் கொளுத்துங்கள். 20 நிமிடத்தில் மேல்கரியிலும் வெண்சாம்பல் பூத்து, புகை அடங்கும். இறைச்சியை அதற்குப் பிறகே வையுங்கள்.

கேஸ் 10 நிமிடத்தில் தயார். அதில் புகை கிளம்புவது கொழுப்பு சொட்டும்போதுதான். மசாலா எண்ணெயை வழித்துவிட்டு வையுங்கள். வடிதட்டைச் சுத்தமாக வைத்திருங்கள். குளிர்காலத்துக்குப் புரொப்பேன் கேஸை எடுங்கள்; பியூட்டேன் கேஸ் 0 டிகிரியை நெருங்கும்போதே சுணங்கும்.

பெரிய வித்தியாசம் அணைப்பதில். கேஸுக்கு வால்வை மூடினால் போதும். கரி மணிக்கணக்கில் கனலும், மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். மழை கொட்டினாலும், கரி அணைந்ததுபோல் தெரிந்தாலும், அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது, உயிர் போயிருக்கிறது. எரியும் கேஸ் அடுப்புக்கும் இதே விதிதான்.

நெருக்கமான தளத்துக்கு எங்கள் தேர்வு கேஸ். கரிச்சுவைதான் வேண்டுமென்றால் மாலையில் சீக்கிரமே பற்றவையுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் அலுமினியத் தட்டு அடுப்பைச் செங்கல்மேல் வையுங்கள்; புல்லில் வைத்தால் கருகிய கட்டம் விழும்.