பட்டனை அமுக்கினா வண்டி எந்திரிக்கும். அதை நம்பி 4,12,000 ரூபாய் அழுதவன் எழுதறேன்

பழசா வாங்கின சொகுசு எஸ்யூவி ஒண்ணை ரிப்பேர் பண்ண நேத்து சாயங்காலம் சர்வீஸ் சென்டர்ல 4,12,000 ரூபாய் கட்டிட்டு வந்தேன். ராத்திரி தூக்கம் வரல. இன்னொருத்தர் இதே குழியில விழக்கூடாதுன்னு காலைல எந்திரிச்சதும் எழுதறேன். கோபத்துல எழுதறதால முன்ன பின்ன இருக்கும், பொறுத்துக்கங்க.

கடை பேரைப் போட மாட்டேன். கேஸ் போடப் போறோம், வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்கன்னு வக்கீல் சொல்லிட்டார். கோயம்புத்தூர்ல பழைய சொகுசு கார்களை வாங்கி விக்கிற, கண்ணாடிச் சுவர் வச்ச ஒரு பெரிய ஷோரூம். அவ்வளவுதான். வண்டி கம்பெனி பேரும் வேண்டாம். தப்பு செஞ்சது வண்டியைச் செஞ்சவன் இல்ல, வித்தவன். பழைய எஸ்யூவி வாங்கறப்ப என்னென்ன பாக்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன்.

எனக்கு ஊர் மதுரை. தாண்டிக்குடிக்கு மேல அப்பா வாங்கிப் போட்ட நாலு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கு, நடுநடுவுல மிளகுக் கொடி. வத்தலக்குண்டுல இருந்து மலை ரோடு பரவாயில்லாம இருக்கும். தார் ரோட்டை விட்டு இறங்கினா கடைசி ஒண்ணரை கிலோமீட்டர் மண் பாதை, நடுவுல ஒரு ஓடை. ஐப்பசி மழை பிடிச்சா அங்க ஜீப்பைத் தவிர எதுவும் போகாது. அப்பா இருந்த வரைக்கும் ஜீப்தான். இப்ப அம்மாவுக்கு முதுகுல டிஸ்க் பிரச்சனை. ஜீப்புல ஏத்தினா மூணு நாள் படுக்கைதான். ஆனா பழம் எடுக்கிற சமயத்துல ஒரு தடவையாவது தோட்டத்தைக் கண்ணால பாக்கணும்னு அடம். அம்மா அலுங்காம உக்காரணும், வண்டியும் அந்தப் பாதையில ஏறணும். நான் தேடினது இவ்வளவுதான்.

நான் ஒண்ணும் விவரம் தெரியாதவன் இல்ல, அதுதான் வயித்தெரிச்சல். "இந்தக் காலத்து சொகுசு எஸ்யூவி எல்லாம் மால் பார்க்கிங்ல நிக்கத்தான் லாயக்கு"ன்னு ஆபீஸ்ல சொன்னவன்கிட்ட மணிக்கணக்கா சண்டை போட்டிருக்கேன். மெர்சிடிஸ் ஜி கிளாஸ்ல இன்னைக்கும் மூணு டிஃபரன்ஷியல் லாக் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மத்ததுக்கு இழுவை போக வைக்கிற பூட்டு) இருக்கு, லேடர் சேஸிஸ் (ஏணி மாதிரி அடிச்சட்டம்) இருக்கு. 2020ல வந்த புது லேண்ட் ரோவர் டிஃபெண்டர்ல அந்தச் சேஸிஸை எடுத்துட்டு மோனோகாக் (பாடியும் அடிச்சட்டமும் ஒரே கூடா வர்றது) போட்டப்ப எல்லாரும் ஒப்பாரி வச்சாங்க. ஆனா ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை) இருந்தா அது தரையில இருந்து 291 மில்லிமீட்டர் உயரம் வரைக்கும் வயித்தைத் தூக்கும், 900 மில்லிமீட்டர் ஆழத் தண்ணியில இறங்கும். மஹிந்திரா தார் இறங்கறது 650தான். அதனால சொகுசு வண்டி காட்டுக்குள்ள போகாதுங்கறது பொத்தாம்பொதுவான பேச்சுன்னு நம்பினேன். இப்பவும் நம்பறேன். ஆனா டிஃபெண்டரும் ஜி கிளாஸும் செய்யறதை அதே உருவத்துல இருக்கிற எல்லாமும் செய்யும்னு நினைச்சேன் பாருங்க, மண்டை அங்கதான் வழுக்குச்சு.

ஷோரூம்ல அந்தப் பையன் இருவத்தஞ்சு வயசுக்குள்ள இருப்பான். வந்ததும் காப்பி, அப்புறம் அம்மா முதுகைப் பத்தி விசாரிப்பு. "எங்கம்மாவுக்கும் இதேதாங்ணா"ன்னான். வண்டி வெளிய நிழல்ல என்ஜின் ஓடிக்கிட்டே நின்னுச்சு. "நீங்க வர்றப்ப ஏசி குளுகுளுன்னு இருக்கணும்ல"ன்னான். மரியாதை தெரிஞ்ச பையன்னு நினைச்சேன். அப்புறம் என்னை டிரைவர் சீட்ல உக்கார வச்சு, கியருக்குப் பக்கத்துல மலைப்படம் போட்ட பட்டனைக் காட்டி "அமுக்குங்ணா"ன்னான்.

அமுக்கினேன். பின்னாடி லேசா ஒரு முனகல். வண்டி நிதானமா, மொதல்ல பின்பக்கம், அப்புறம் முன்பக்கம், எந்திரிச்சு நின்னுச்சு. இறங்கிக் குனிஞ்சு பாத்தேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் இருந்த இடத்துல முழுக் கையே போச்சு. "நம்ம ஓனர் இதுலதாங்ணா வால்பாறை எஸ்டேட்டெல்லாம் சுத்தினாரு, உங்க பாதையெல்லாம் இதுக்கு பிள்ளையார் கோயிலைச் சுத்தற மாதிரி"ன்னான். அந்த நிமிஷம் நான் விழுந்துட்டேன். மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரணும்னு வீட்டுல சொல்லி விட்டிருந்தாங்க. கூட்டிட்டுப் போகல. 22,50,000 ரூபாய் பேசி முடிச்சேன்.

மூணு தடவை போனேன், மூணு தடவையும் என்ஜின் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. இதை ஞாபகத்துல வச்சுக்கங்க.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டுக் கிளம்பினேன். மலை ரோட்டுல அம்மா தூங்கிட்டே வந்தாங்க. மண் பாதை வந்ததும் பட்டனை அமுக்கினேன், எந்திரிச்சுது. பொய் சொல்லக் கூடாது, வண்டி ஏறிடுச்சு. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு சக்கரம் அந்தரத்துல சுத்துச்சு. உடனே அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக்கைப் பிடிச்சு மிச்சத்துக்கு இழுவையைக் கொடுத்து, கம்ப்யூட்டரே மேல கொண்டுபோய் விட்டுச்சு. ஜீப்பா இருந்தா நான்தான் ஸ்டீயரிங்கோட மல்லுக்கட்டியிருக்கணும். ஆபீஸ் நண்பனுக்கு வாட்ஸப்புல வீடியோ கூட அனுப்பினேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

ராத்திரி தோட்டத்து வீட்டுலயே தங்கினோம். காலைல எந்திரிச்சுப் பாத்தா இடது பின்பக்கம் மட்டும் தரையோட தரையா உக்காந்திருக்கு. டயர் மேல்பாதி மட்கார்டுக்குள்ள போயிடுச்சு. ஸ்டார்ட் பண்ணினேன். அந்த முனகல் வந்துச்சு, ஆனா நிக்கவே இல்ல. அஞ்சு நிமிஷம், ஆறு நிமிஷம், அப்புறம் ரப்பர் கருகின வாசம், அதோட அமைதி. டிஸ்ப்ளேல மஞ்சள் கலர்ல எச்சரிக்கை.

மழை கருக்கிட்டு வந்துச்சு, அம்மாவுக்கு மாத்திரை கையிருப்பு இல்ல. மெதுவா இறக்கிடலாம்னு கிளம்பினேன். இது என் தப்பு, ஒத்துக்கறேன். இறக்கத்துல ஜீப்பா இருந்தா லோ கியரை (வேகத்தைக் குறைச்சு இழுவையைக் கூட்டற தனி கியர்) போட்டு பிரேக்கே தொடாம என்ஜினே பிடிச்சு இறக்கும். இதுல லோ கியரே கிடையாது. ஓடைக்கிட்ட ஒரு பாறை அடியில இருந்த பிளாஸ்டிக் கவசத்தை உரிச்சு எடுத்துச்சு. இன்னொரு பாறை இடது பின் டயரோட பக்கவாட்டைக் கிழிச்சுது, நாலு விரல் நீளத்துக்கு. 20 இன்ச் வீல் போட்ட வண்டி, டயர்ல ரப்பர்னு இருக்கறதே ஒரு சாண்கூட வராது, ஜீப் டயர் மாதிரி கல்லை வாங்கிக்கிற தொப்பை அதுக்கு இல்ல. ஸ்டெப்னியும் இல்ல. டிக்கி பலகையைத் தூக்கினா ஒரு குட்டி காத்துப் பம்பும், பஞ்சருக்கு ஊத்தற பசை பாட்டிலும். பாட்டில்ல எக்ஸ்பைரி தேதி மூணு வருஷத்துக்கு முந்தினது. தேதி சரியா இருந்தாலும் பக்கவாட்டுக் கிழிசலை அந்தப் பசை அடைக்காது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் அவரோட எம்எம் 540 ஜீப்பை எடுத்துட்டு வந்தார். கயித்தைக் கையில வச்சுக்கிட்டு முன்னாடி பின்னாடி ரெண்டு தடவை நடந்தார். "தம்பி, இதுல எங்க கட்டறது? எல்லாம் பிளாஸ்டிக்கா இருக்கே." பம்பர்ல ஒரு சின்ன மூடியைக் கழட்டினா உள்ள மரை இருக்கும், கயிறு கட்டற இரும்பு ஊக்கை அதுல திருகி மாட்டணும். டூல் பெட்டியைத் திறந்தேன். ஊக்கு வைக்கிற பள்ளம் இருக்கு, ஊக்கு இல்ல. பெரியவர் ஒண்ணும் சொல்லல. அம்மாவை அவர் ஜீப்புல, காப்பிச் சாக்கை நாலா மடிச்சுப் போட்டு உக்கார வச்சு கீழ கொண்டுபோனார். எதுக்காக 22,50,000 கொடுத்தேனோ அதே ஜீப்புல. வண்டியை மறுநாள் ஆள் வச்சு, கட்டை கொடுத்து, தார் ரோட்டுக்கு இழுத்து, ஃபிளாட் பெட் லாரியில ஏத்தினோம்.

இனி கடைக்காரங்க கதை. திங்கக்கிழமை போன் பண்ணினேன், ஓனர் மீட்டிங்ல இருக்கார். செவ்வாய், "வீடியோ அனுப்புங்ணா." மூணு அனுப்பினேன், மூணும் நீல டிக், பதில் இல்ல. வியாழன் அதே பையன், "ஆஃப் ரோடு போனா வாரண்டி வராதுங்ணா." பட்டனை அமுக்கச் சொன்னது யாருடான்னு கேட்டேன், போன் கட். வெள்ளிக்கிழமை ஓனரே பேசினார். "சார், நீங்க படிச்சவங்க. ஆஃப் ரோடு மோடுன்னா ஃபார்ம் ஹவுஸ் முன்னாடி கிராவல் போட்டிருப்பாங்கல்ல, அதுக்குத்தான் சார். அக்ரிமெண்ட்ல பாருங்க, என்ஜினும் கியர்பாக்ஸும் மட்டும்தான் எங்க வாரண்டி." 4,12,000 எஸ்டிமேட்டை அனுப்பினேன். குட்வில்லுக்கு ஒரு இன்டீரியர் கிளீனிங் ஃப்ரீயா பண்ணித் தர்றேன்னார். சேறு மிதிச்ச காலோட உள்ள ஏறினேன்ல, அதைச் சுத்தம் பண்ணவாம்!

இதுக்கு மேலயும் ஒண்ணு இருக்கு. சர்வீஸ் சென்டர் அட்வைசர் வண்டி நம்பரைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டு என்னை நிமிர்ந்து பாத்தார். "சார், இந்த வண்டிக்கு எட்டு மாசம் முன்னாடியே இதே வேலைக்கு எஸ்டிமேட் போட்டிருக்கோம். பின்னாடி ஏர் பேக் ரெண்டும் லீக். பழைய ஓனர் வேலை பாக்காம எடுத்துட்டுப் போயிட்டார்." ஏர் சஸ்பென்ஷன்ல ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்து அடைச்ச ரப்பர் பை. ரப்பர்ல விரிசல் விட்டா காத்து மெதுவா இறங்கும், இறங்க இறங்க கம்ப்ரஸர் அடைச்சுக்கிட்டே இருக்கும், ஒருநாள் அதுவும் கருகும். என்ஜின் ஓடற வரைக்கும் வண்டி நிமிர்ந்து நிக்கும், நிறுத்தி ராத்திரி விட்டா உக்காந்துரும். நான் போன மூணு தடவையும் என்ஜின் ஏன் ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு இப்பப் புரியுதா? ஏசிக்காம்!

கணக்கு இதுதான். ஏர் பேக் ரெண்டு, கம்ப்ரஸர், கூலி எல்லாம் சேத்து 2,98,000. டயர் ரெண்டு 68,000. கிழிஞ்சது ஒண்ணுதான், ஆனா நாலு சக்கரமும் இழுக்கற வண்டியில ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் தேஞ்சதுன்னு போடக் கூடாதாம். அடிக் கவசம் 27,500. லாரி 18,500. மொத்தம் 4,12,000. இந்த வருஷக் காப்பியை மொத்தமா வித்தாலும் அதுல பாதி தேறாது.

வண்டி பேப்பரையெல்லாம் இப்பத்தான் உக்காந்து படிக்கறேன். நாலு சக்கரமும் இழுக்கறது வேற, லோ கியர் இருக்கறது வேற. 2002ல வந்த முதல் போர்ஷே கயென்ல லோ கியர் இருந்துச்சு, 2010ல வந்த ரெண்டாவது தலைமுறையில எடுத்துட்டாங்க. வாங்கறவன் மண்ணுல இறக்கறதே இல்லன்னா, எடையைச் சுமந்துக்கிட்டு எதுக்குன்னு கம்பெனியும் நினைச்சிருப்பான். நான் கொடுத்த காசைவிடக் கம்மி விலைக்கு வர்ற மாருதி ஜிம்னியில லோ கியர் போடற அந்தக் குட்டி லிவர் இருக்கு. ஆனா அம்மாவை அதுல அலுங்காம கூட்டிட்டுப் போக முடியாது. என் பிரச்சனைக்கு அங்கயும் பதில் இல்ல.

விவரமா எழுதறேன்னு மேல சொன்னேன், நேரமில்ல, தோணறதைச் சொல்றேன். வண்டி பாக்கப் போறப்ப என்ஜின் சூடா இருந்தா திரும்பி வந்துருங்க, மறுநாள் காலைல சொல்லாம போய் நாலு சக்கரத்துக்கு மேலயும் கையை விட்டுப் பாருங்க. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல அந்த வண்டியோட பழைய எஸ்டிமேட் உட்பட எல்லாம் கேளுங்க, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி. டிக்கி பலகையைத் தூக்குங்க. ஊக்கு இருக்கான்னு பாருங்க. சேல்ஸ்மேன் வாயால சொன்னதை வாட்ஸப்புல எழுதி வாங்குங்க, நான் வாங்கல, வக்கீல் அதுக்குத்தான் தலையில அடிச்சுக்கறார்.

1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சாச்சு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போட ரெண்டு வருஷம் டைம் இருக்கு, நான் அடுத்த வாரமே போடறேன். வண்டி இப்ப போர்ட்டிகோவுல நிக்குது. காலைல எந்திரிச்சதும் வாசலுக்குப் போய் நாலு மூலையையும் பாத்துட்டுத்தான் இதை எழுத உக்காந்தேன். இதே மாதிரி யாராவது அந்த ஷோரூம்ல ஏமாந்திருந்தா தனிச்செய்தியில வாங்க, சேந்து போடலாம்.