முதல் துப்பாக்கி: ரிவால்வரா, பிஸ்டலா?

முதல் துப்பாக்கி வாங்குபவர்கள் எது குறி தவறாமல் சுடும் என்றுதான் கேட்கிறார்கள். எதில் தோட்டாக்களை எடுத்துக் காலி செய்வது சுலபம் என்று முதலில் கேளுங்கள்.

ரிவால்வரில் அது எளிது. பெரும்பாலானவற்றில் தோட்டாக்களை வைக்கும் உருளை பக்கவாட்டில் திறக்கும். ஐந்தோ ஆறோ அறைகள், எல்லாமே கண்ணெதிரே. தோட்டா இருந்தால் அதன் வட்டமான அடிப்பாகம் பளிச்சென்று தெரியும்.

பிஸ்டலில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றியதும் காலி என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், ஒரு தோட்டா தங்கியிருக்கலாம்; மேகசின் இல்லாவிட்டாலும் பல மாடல்கள் அதைச் சுட்டுவிடும். அதனால் முதலில் மேகசினை எடுங்கள், அப்புறம் துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்தி உள்ளே பாருங்கள். இருட்டாக இருந்தால் சுண்டுவிரலால் தடவிப் பாருங்கள். வரிசை மாறி ஸ்லைடை முதலில் இழுத்தால், பழைய தோட்டா வெளியே விழும், மேகசினிலிருந்து புதியது உள்ளே ஏறிவிடும். தரையில் விழுந்ததைப் பார்த்து நிம்மதி அடைவதுதான் ஆபத்து.

சேஃப்டி பட்டன் பல பிஸ்டல்களில் உண்டு, ரிவால்வரில் அபூர்வம். ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள், அது பழுதாகலாம். பின்பக்கமுள்ள சுத்தியலை இழுத்து வைக்காதவரை ரிவால்வரின் விசை (டிரிகர்) கனமானது, விரல் தவறிப் பட்டால் சட்டென்று வெடிக்காது.

பூட்டு விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்: துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா வேறொன்றில், சாவி குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில். எதை எடுத்தாலும் குழல்முனை யாரையும் நோக்கக் கூடாது, சுடும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், முதல் துப்பாக்கிக்கு ரிவால்வர்தான். பிஸ்டல்தான் வேண்டுமென்றால், காலி செய்யும் அந்த வரிசையைப் பயிற்சியாளர் முன்னால் கை பழகும்வரை செய்து பாருங்கள்.