சீனாவுல ஷியான்ல மைப்படி (கல்வெட்டு மேல தாள ஒட்டி மை ஒத்தி எடுக்கற நகல்) சுருள் வாங்கப் போறீங்களா, ஒரு நிமிஷம் இத படிச்சுட்டு போங்க

போன லீவுக்கு நானும் வீட்டுக்காரரும் சிங்கப்பூர்லேர்ந்து ஷியான் போயிருந்தோம். கடைசி நாள் பெய்லின் மியூசியம். 1087ல ஆரம்பிச்ச இடம், கல்வெட்டுக் காடுன்னு பேரு, உள்ள போனா நிஜமாவே காடு தான், ஆளுயரக் கல்லா நிக்குது. அங்க ஒருத்தர் ஈரத்தாள கல்லு மேல ஒட்டி, பிரஷ்ஷால தட்டித் தட்டி எழுத்துக்குள்ள இறக்கி, பாதி காஞ்சதும் துணிப் பொட்டலத்தால மை ஒத்திக்கிட்டு இருந்தார். நம்ம ஊர்ல கோயில் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பாங்களே, அதே வேலை. பள்ளமான எழுத்து வெள்ளையா நிக்கும், சுத்தி எல்லாம் கருப்பு. அரை மணி நேரம் அங்கேயே நின்னுட்டேன், அந்த மயக்கத்தோட கடைக்குப் போனது தான் தப்பு.

பக்கத்துல ஷூயுவான்மென் தெரு முழுக்க பிரஷ், மை, சுருள் கடைங்க தான். ஒரு கடைல (பேர் வேணாம்) பட்டு பார்டர் வச்சு, சிவப்பு முத்திரையோட ஒரு சுருள் தொங்குச்சு. டாங் வம்ச காலத்து பெரிய பிரஷ் எழுத்துக் கலைஞர் யான் சென்ச்சிங் எழுதின யான் ச்சின்லி கல்வெட்டு, ஒரிஜினல் கல்லுலேர்ந்தே ஒத்தினது, சீனாவோட கடைசி ராஜ வம்சமான சிங் வம்ச காலத்துதுன்னு கடைக்காரம்மா சத்தியம் பண்ணாத குறை. 1800 யுவான் சொன்னாங்க, நான் 700க்கு இறக்கினேன். பேரத்துல ஜெயிச்சுட்டேன்னு ஓட்டல் வரைக்கும் வீட்டுக்காரர்கிட்ட பீத்திக்கிட்டே வந்தேன்.

எங்க பக்கத்து வீட்டு சீன அங்கிள் ரொம்ப வருஷமா பிரஷ் எழுத்து எழுதறவர். பெருமையா கூப்பிட்டுக் காட்டினேன். ரெண்டு நிமிஷம் பாத்துட்டு சிரிச்சார் பாருங்க. அந்தக் கல்லு 779ல செதுக்கினது, ஆனா பல நூறு வருஷம் காணாமப் போய் 1922ல தான் மண்ணுக்குள்ளேர்ந்து வெளிய வந்துச்சாம். சிங் ஆட்சி 1912லயே முடிஞ்சாச்சு. "அப்போ யாரும்மா மண்ணுக்கடியில போய் மை ஒத்தினது?"ன்னார்.

அதோட விடல. வெளிய எடுக்கும்போதே கல்லு ரெண்டா உடைஞ்சிருந்துச்சு, நிஜ மைப்படில குறுக்கால அந்த உடைசல் தெரியணும், என்னோடதுல ஒரு கீறல் கூட இல்ல. அப்புறம் அளவு. கல்லு மேலயே தாள ஒட்டி எடுக்கறதால எழுத்து கல்லுல இருக்கற அளவே தான் வரும், கல்லு கிட்டத்தட்ட 175 சென்டிமீட்டர், என் சுருள்ல முன்பக்கத்து 19 வரியும் மூணடிக்குள்ள அடங்கியிருக்கு! போன் கேமராவ ஜூம் பண்ணி வச்சா கருப்பு முழுக்க புள்ளி புள்ளியா இருக்கு, அச்சே தான். இதெல்லாம் கடைலயே பாத்திருக்கலாம், எனக்கு அப்ப எங்க புத்தி போச்சு.

வேற கல்லுல பாத்து செதுக்கி அதுலேர்ந்து ஒத்தி விக்கறதும் உண்டு, அத சொல்லி வித்தா தப்பே இல்ல, எனக்கும் அது போதும். அச்சடிச்சத மைப்படின்னு விக்கறது தான் வயித்தெரிச்சல்.

வாங்கறதா இருந்தா சுருளா மவுன்ட் பண்ணாத வெறும் தாளா கேளுங்க. திருப்பிப் பாத்தா எழுத்தோட மேடு பள்ளம் விரல்ல தட்டுப்படும், மை பின்பக்கம் அவ்வளவா ஊறியிருக்காது. மவுன்ட் பண்ணிட்டா பின்னாடி வேற பேப்பர் ஒட்டிடுவாங்க, மேடு பள்ளமும் அமுங்கிடும், அப்புறம் எத வச்சு கண்டுபிடிப்பீங்க? தாள் தான் வேணும்னு சொன்னா சில கடைக்காரங்க மூஞ்சி மாறும், அதுவே ஒரு டெஸ்ட் தான்.

அந்தம்மாவுக்கு வீசாட்ல போட்டோ எல்லாம் அனுப்பினேன். ஒரு சிரிக்கற பொம்மை வந்துச்சு, அடுத்த மெசேஜ் போகவே இல்ல, பிளாக். சுருள் இன்னும் ஹால்ல தான் தொங்குது, கழட்டினா டிரில் போட்ட ஓட்டை தெரியுதுன்னு வீட்டுக்காரர் விட மாட்டேங்கறார்.