பி.பார்ம் சேருமுன் ஒரு பிரிட்ஜ் வகுப்பு: காரைக்குடியில் நடப்பது யாருக்கு உதவும், யாருக்கு வேண்டாம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி இது: "தம்பி கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பு. பயாலஜி பக்கமே போகல. பி.பார்ம்ல தாக்குப் புடிப்பானா?" பியூர் சயின்ஸ் படித்த பிள்ளை இருக்கும் வீட்டில் இதே கேள்வி கணக்கைப் பற்றி வரும். மருந்தாளுநர் பட்டப்படிப்பான பி.பார்மில் சேருமுன் இந்தப் பயத்தைப் போக்கவென்றே செக்காலை ரோட்டை ஒட்டிய ஒரு மாடியில் நான்கு வார பிரிட்ஜ் வகுப்பு நடக்கிறது. சாயங்காலம் இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். கட்டணம் 5,000 ரூபாய், ஜெராக்ஸ் நோட்ஸ் அதற்குள் அடக்கம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பிலிருந்து வருகிறவர்களுக்கும், தமிழ் மீடியத்தில் பியூர் சயின்ஸ் படித்தவர்களுக்கும் இந்தப் பணம் வீண் போகாது. பயோ மேத்ஸ் குரூப் படித்தவர்களுக்குத் தேவையில்லை. காமர்ஸ் குரூப் படித்தவர்கள் கட்டவே கூடாது.

கடைசியில் சொன்னதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அங்கேதான் பணம் நேராக நஷ்டமாகிறது. வகுப்பின் நோட்டீஸில் 'எந்தக் குரூப்பானாலும் சேரலாம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். வகுப்பில் சேரலாம், பி.பார்மில் சேர முடியாது. பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியாவின் விதிப்படி பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். கூடவே கணிதமோ உயிரியலோ ஒன்று இருந்தாக வேண்டும். டிப்ளமா படிப்பான டி.பார்முக்கும் இதே கதைதான். வேதியியல் படிக்காத பிள்ளைக்கு எந்த பிரிட்ஜ் வகுப்பும் அந்தத் தகுதியைத் தராது. அந்த ஒரு வரியை நோட்டீஸிலிருந்து எடுத்துவிட்டு, தகுதி என்ன என்று தெளிவாகப் போட வேண்டும்.

இனி பாடத்துக்கு வருவோம். வேறு குரூப்பிலிருந்து வருகிறவர்களைப் பாடத்திட்டம் கைவிட்டுவிடவில்லை. பி.பார்ம் முதல் செமஸ்டரிலேயே, பிளஸ் டூவில் விட்டுப்போனதை ஈடுகட்ட, ரெமிடியல் பயாலஜி என்றொரு பேப்பர் கணிதக்காரர்களுக்கும், ரெமிடியல் மேத்ஸ் உயிரியல்காரர்களுக்கும் உண்டு. இரண்டுமே 30 மணி நேரம். இன்டர்னல் 15, எழுத்துத் தேர்வு 35, ஆக 50 மதிப்பெண். கணிதம், உயிரியல் இரண்டும் படித்து வந்தவர்களுக்கு இந்த இரண்டு பேப்பருமே கிடையாது. பயோ மேத்ஸ் பிள்ளைகளுக்கு இந்த வகுப்பு வேண்டாம் என்று மேலே சொன்னது அதனால்தான்.

அப்படியானால் கல்லூரியே சொல்லித் தருவதற்கு முன்கூட்டியே ஒரு வகுப்பு எதற்கு? பாடங்கள் வரும் வரிசையில்தான் சிக்கல். ரெமிடியல் பயாலஜியில் முதல் யூனிட் ஐந்து உலக வகைப்பாடும் பூக்கும் தாவரங்களும். செல்லும் திசுவும் ஐந்தாவது யூனிட்டில், செமஸ்டரின் கடைசி இரண்டு வாரத்தில் வரும். ஆனால் அதே செமஸ்டரில் ஓடும் ஹியூமன் அனாடமி அண்ட் பிசியாலஜி பேப்பரில் முதல் யூனிட்டே செல், சவ்வு வழியாகப் பொருள் கடத்தல், எபிதீலியல் திசு, இணைப்புத் திசு. முதல் நான்கு வாரத்திலேயே முடித்துவிடுவார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைக்கு உதவி வந்து சேரும்போது அது தேவைப்பட்ட பாடம் எப்போதோ முடிந்து, செமஸ்டருக்கு நடுவே வரும் முதல் செஷனல் தேர்வும் போயிருக்கும். முதல் செமஸ்டரில் அனாடமியில் அரியர் விழுவதற்கு அறிவுக் குறைவைவிட இந்த வரிசைதான் பெரிய காரணம்.

இந்த வகுப்பு அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. பயாலஜிப் பகுதியை வகைப்பாட்டில் தொடங்காமல் செல்லில் தொடங்குகிறார்கள். முதல் வாரம் செல், நான்கு வகைத் திசு. இரண்டாம் வாரம் எலும்பு, ரத்தம், இதயம். படம் வரைய வைக்கிறார்கள், அது மிக நல்லது. அனாடமி விடைத்தாளில் பாகம் குறித்த படம் இல்லாமல் முழு மதிப்பெண் எதிர்பார்க்க முடியாது. இதயத்தின் நான்கு அறை, நான்கு வால்வு, ரத்தம் போகும் வழி ஆகியவற்றை நோட்டைப் பார்க்காமல் ஐந்து நிமிடத்தில் வரையும் வரை விடுவதில்லை. தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சொல் பட்டியலும் கொடுக்கிறார்கள்: ஹெபாட் என்று தொடங்கினால் கல்லீரல், நெஃப்ர் என்றால் சிறுநீரகம், ஐடிஸ் என்று முடிந்தால் அழற்சி, எமியா என்று முடிந்தால் ரத்தம் சார்ந்தது. இப்படி அறுபது எழுபது வேர்களைப் பழகிவிட்டால் ஆங்கிலப் பாடநூலின் ஒரு பக்கத்தைப் படிக்க ஆகும் நேரம் நன்றாகக் குறையும்.

இதே வேலையை வீட்டிலிருந்தும் ஓரளவு செய்யலாம். தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்பு விலங்கியல் பாடநூல் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாக இணையத்தில் கிடைக்கிறது. அதில் திசு, செரிமானம், சுவாசம், உடல் திரவங்கள், கழிவு நீக்கம், நரம்பு, ஹார்மோன் பாடங்களை முதலில் தமிழிலும் அடுத்து ஆங்கிலத்திலும் படித்தால் ரெமிடியல் பயாலஜியின் நடு யூனிட்டுகள் பெரும்பாலும் கைக்குள் வந்துவிடும். தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு இதுவே போதும்.

வகுப்பின் உண்மையான பலம் கணக்கில் இருக்கிறது. எல்லோரும் பயாலஜியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். முதல் செமஸ்டரில் எல்லாக் குரூப்பையும் சேர்த்துத் தள்ளிவிடுவது என்னவோ பார்மசூட்டிக்ஸ் பேப்பரில் வரும் கணக்கும் அனாலிசிஸ் பேப்பரில் வரும் நார்மாலிட்டியும் (கரைசலின் செறிவைச் சொல்லும் ஓர் அளவு)தான். அதற்கு இன்டெக்ரேஷன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு விகிதமும் சதவீதமும் போதும், யூனிட்டை விடாமல் எழுதும் ஒழுங்கு வேண்டும்.

வெவ்வேறு செறிவுள்ள இரண்டைக் கலந்து வேண்டிய செறிவைப் பெறும் அலிகேஷன் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 95 சதவீத ஆல்கஹாலையும் 45 சதவீத ஆல்கஹாலையும் கலந்து 60 சதவீதத்தில் 500 மி.லி. வேண்டும். 60இலிருந்து 45ஐக் கழித்தால் 15: இது 95 சதவீதத்தின் பங்கு. 95இலிருந்து 60ஐக் கழித்தால் 35: இது 45 சதவீதத்தின் பங்கு. விகிதம் 3:7, ஆக 150 மி.லி., 350 மி.லி. பிள்ளைகள் தவறுவது குறுக்கே எழுதும் இடத்தில். 15ஐ 45 சதவீதத்துக்கு நேரே எழுதிவிடுவார்கள். இந்த வகுப்பில் ஒவ்வொரு விடையையும் திருப்பிச் சரிபார்க்க வைக்கிறார்கள்: 150இல் 142.5, 350இல் 157.5, கூட்டினால் 300, அது 500இல் 60 சதவீதம். இடம் மாறியிருந்தால் இந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்தால் மொத்தக் கனஅளவு சற்றுச் சுருங்கும், அதனால் லேபில் அளவு வரை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லித் தந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

குழந்தைக்கான டோஸ் கணக்கும் நன்றாக நடக்கிறது. யங் சூத்திரம்: வயதை, வயதோடு 12 கூட்டியதால் வகுத்து, பெரியவர் டோஸால் பெருக்கு. ஆறு வயதுக்கு 6 வகுத்தல் 18, அதாவது மூன்றில் ஒரு பங்கு. பெரியவருக்கு 300 மி.கி. என்றால் குழந்தைக்கு 100 மி.கி. கிளார்க் சூத்திரத்தில் எடை பவுண்டில் இருக்க வேண்டும், கீழே வகுக்கும் எண் 150. கிலோவை அப்படியே போட்டுவிட்டால் டோஸ் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இந்தத் தவறைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறார்கள், அப்படித்தான் காட்ட வேண்டும். தேர்வில் போனால் இரண்டு மதிப்பெண், கவுன்டரில் போனால் ஒரு குழந்தையின் மருந்து.

ரத்தத்தோடு செறிவு ஒத்துப்போகும் கரைசலுக்கான ஐசோடானிக் கணக்கிலும் சூத்திரத்தை வெறுமனே கொடுத்துவிட்டு நகர்வதில்லை. ரத்தத்தின் உறைநிலைத் தாழ்வு 0.52 டிகிரி, 1 சதவீத உப்புக் கரைசலின் தாழ்வு 0.576 டிகிரி, வகுத்தால் 0.9. சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று போட்டிருப்பதற்கான காரணம் இதில் வந்துவிடுகிறது. ஆல்கஹாலின் வலிமையைச் சொல்லும் ப்ரூஃப் ஸ்பிரிட் கணக்கை மட்டும் விட்டுவிட்டார்கள். பாடத்திட்டத்தில் அதுவும் இருக்கிறது.

மூன்றாம் வாரம் மேசையில் இரண்டு பியூரெட் ஸ்டாண்டு வைத்து டைட்ரேஷன் பழக்குகிறார்கள். ஆளுக்கு இரண்டு முறை கிடைக்கிறது. பிளஸ் டூ பிராக்டிகலில் ஏற்கெனவே செய்ததுதான், ஆனால் அங்கே கரைசல் தயாராக இருக்கும். பி.பார்மில் கரைசலைத் தானே செய்ய வேண்டும், எடையில்தான் முதல் தவறு நடக்கும். 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலம் 250 மி.லி. வேண்டுமென்றால், பாட்டிலில் இருப்பது இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம். மூலக்கூறு எடை 126, சமான எடை 63, எடுக்க வேண்டியது 1.575 கிராம். நீரை மறந்து 90 என்று கணக்கிட்டால் 1.125 கிராம்தான் எடுப்போம். கரைசல் 0.1க்குப் பதிலாக 0.071 நார்மலில் நிற்கும், அதை வைத்து அளந்த எல்லாமே தப்பாகும். லேபிளைப் படித்துவிட்டுத்தான் கால்குலேட்டரைத் தொட வேண்டும் என்று இங்கே கண்டிப்பாக இருக்கிறார்கள்.

பியூரெட்டை அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும். கோனிகல் ஃபிளாஸ்க்கைத் தண்ணீரால் மட்டும் அலச வேண்டும். குழாய்க்குக் கீழே காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. ஊற்றிய புனலை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நடுவில் ஒரு துளி விழுந்து ரீடிங் மாறும். பிப்பெட் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளக் கூடாது. பீனால்ஃப்தலீனின் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் போதும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடால் பிறகு மங்கும், அதைப் பார்த்து இன்னொரு துளி விடக் கூடாது. இவை எல்லாவற்றையும் கையைப் பிடித்துத் திருத்துகிறார்கள்.

பெர்மாங்கனேட் டைட்ரேஷனை மட்டும் வாயாலேயே சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதைச் செய்து காட்ட வேண்டும். ஆக்சாலிக் அமிலத்தைச் சுமார் 70 டிகிரிக்குச் சூடாக்காவிட்டால் தொடக்கத்தில் நிறம் மறையவே நேரம் எடுக்கும். சல்ஃப்யூரிக் அமிலம் குறைந்தால் பழுப்பு நிறம் படியும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் குளோரைடும் பெர்மாங்கனேட்டைத் தின்று ரீடிங் ஏறிவிடும். அடர்ந்த நிறம் என்பதால் மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும். கேட்டுக்கொண்டு போகிறவருக்கு இதில் பாதி நிற்காது.

நான்காவது வாரம் பலவீனமானது. ரெமிடியல் மேத்ஸ் முழுவதையும் அதில் அடைக்கப் பார்க்கிறார்கள்: பின்னப் பிரிப்பு, மடக்கை, மேட்ரிக்ஸ், வகையிடல், தொகையிடல், லாப்லாஸ் மாற்றம் வரை. பத்து மணி நேரத்தில் முடியக் கூடியதல்ல. பத்தாம் வகுப்போடு கணக்கை விட்ட பிள்ளைக்கு லாப்லாஸை முன்கூட்டிக் காட்டினால் பயம்தான் கூடும். கல்லூரியில் அது கடைசி யூனிட், பொறுமையாக வரும். அந்த வாரம் முழுவதையும் மடக்கைக்கும் நேர்கோட்டு வரைபடத்துக்கும் கொடுத்துவிடலாம். பி.எச். கணக்கு, மருந்து உடலிலிருந்து வெளியேறும் அரை ஆயுள் கணக்கு, 0.693ஐ மாறிலியால் வகுக்கும் கணக்கு எல்லாம் பிறகு நிற்கப்போவது அந்த இரண்டின் மேல்தான்.

நோட்ஸும் திருத்தப்பட வேண்டும். ஜெராக்ஸில் படங்கள் கறுத்துப்போயிருக்கின்றன. திசுப் படத்தில் செல் எல்லையே தெரியவில்லை. அனாடமிக்கு அப்படிப்பட்ட படம் உதவாது. மருந்துச் சீட்டுச் சுருக்கங்கள், அதாவது ஓ.டி., பி.டி., டி.டி.எஸ்., ஏ.சி., பி.சி., எச்.எஸ். ஆகியவை மட்டும் ஒரு பக்கத்தில் சுத்தமாக அச்சாகியிருக்கின்றன. அந்தப் பக்கத்தைப் பிள்ளைகள் தனியே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இந்த வகுப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களை இவர்கள் கூப்பிடவே இல்லை. டி.பார்ம் பாடத்திட்டத்தில் ரெமிடியல் பேப்பரே கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பிலிருந்து நேரே டி.பார்ம் போகும் பிள்ளை முதலாண்டிலேயே அனாடமி, பார்மகோக்னசி (இயற்கை மருந்துப் பொருள்களைப் பற்றிய பாடம்), பார்மசூட்டிக்ஸ் மூன்றையும் எந்தத் துணையும் இல்லாமல் சந்திக்கிறது. காரைக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி வட்டாரத்தில் குடும்பத்து மெடிக்கல் ஷாப்பைப் பார்த்துக்கொள்ளவென்றே டி.பார்ம் எடுக்கும் பிள்ளைகள் உண்டு. முதல் மூன்று வாரத்தை மட்டும் அவர்களுக்கெனத் தனி பேட்சாக, குறைந்த கட்டணத்தில் நடத்தலாம்.

சேருகிறவர்கள் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். கவுன்சலிங்கில் இடம் கிடைக்காவிட்டால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்; இப்போது அது வாய்ப்பேச்சாக மட்டுமே இருக்கிறது. அடுத்து, டைட்ரேஷன் வாரத்தில் பேட்சில் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். இரண்டே பியூரெட் இருக்கும் இடத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால், ஆளுக்கு இரண்டு முறை என்பது வேடிக்கை பார்ப்பதாக முடிந்துவிடும். அப்படியென்றால் அடுத்த பேட்சில் சேருங்கள்.