ஸ்ட்ரிப்பா, எஃப்.யூ.இ.யா? பின்னந்தலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

முன்நெற்றி ஏறத் தொடங்கியவர்களுக்கு வேலூர்ப் பக்கம் நான்கு வழி சொல்வார்கள்: மருந்து, ஒட்டு முடி, ஸ்ட்ரிப் முறை முடி நடவு (பின்னந்தலைத் தோலைப் பட்டையாக வெட்டி முடி எடுப்பது), எஃப்.யூ.இ. முறை முடி நடவு (ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பது). நான் எஃப்.யூ.இ. செய்துகொண்டு ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஆரணியில் அரிசி மண்டி வைத்திருக்கும் என் பெரியப்பா மகன் சில வருடங்களுக்கு முன்பே ஸ்ட்ரிப் செய்துகொண்டவர். இரண்டு தலைகளையும் பக்கத்தில் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். என் சாய்வு எஃப்.யூ.இ. பக்கம்தான்.

முதல் இரண்டு வழிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒட்டு முடிக்குப் பசை வேண்டும், அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி ஒட்ட வேண்டும். கத்திரி வெயிலில் நாற்பது டிகிரி தாண்டும் நம் ஊர் வியர்வைக்கு அது தாங்காது. மருந்து வேறு கதை. மினாக்ஸிடிலும் ஃபினாஸ்டரைடும் இருக்கிற முடியைக் காப்பாற்ற உதவும். பளபளத்துப்போன இடத்தில் பெரிதாக எதுவும் முளைக்க வைக்காது. ஆனால் மருந்தை நடவுக்குப் போட்டியாக நினைக்கக் கூடாது. நட்ட முடி நிற்கும், சுற்றியுள்ள பழைய முடி தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே போகும். அதனால் நடவு செய்தவரில் பலருக்கும் மருந்து தொடரும். ஃபினாஸ்டரைடு சிலருக்குத் தாம்பத்திய ஆர்வத்தைக் குறைக்கலாம், தோல் மருத்துவரிடம் கூச்சப்படாமல் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

இனி நடவு. இரண்டு முறையிலும் முடி வருவது பின்னந்தலையிலிருந்துதான். வழுக்கைக்குக் காரணமான ஹார்மோன் அந்த இடத்து முடியை அவ்வளவாகத் தொடுவதில்லை. இடம் மாற்றி நட்டாலும் அந்தக் குணம் கூடவே வரும். நியூயார்க்கில் டாக்டர் ஆரன்ட்ரைக் 1950களில் இதைத்தான் செய்து காட்டினார். எடுக்கும் விதத்தில்தான் வேறுபாடு. ஸ்ட்ரிப்பில் பின்னந்தலைத் தோலை ஒரு பட்டையாக வெட்டி எடுத்து, இரண்டு ஓரங்களையும் இழுத்துத் தையல் போடுவார்கள். பட்டையை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் கிராஃப்டுகளாக, அதாவது வேரோடு கூடிய குட்டி முடிக்கொத்துகளாகப் பிரிப்பார்கள். எஃப்.யூ.இ.யில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள வட்டக் கத்தியால் ஒவ்வொரு கிராஃப்டாகத் தோண்டி எடுப்பார்கள். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும்.

எடுத்த பிறகு முன்பக்கம் நடப்பதெல்லாம் ஒன்றே. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ‘எஃப்.யூ.இ. என்றால் முடி சீக்கிரம் வளரும்’ என்று சொல்லும் விளம்பரத்தை நம்ப வேண்டாம். அண்ணனே ஒருமுறை சொன்னார்: “முன்னாடி உன்னுதும் என்னுதும் ஒண்ணுதான்டா. பின்னாடிதான் வேற.”

அந்தப் பொதுவான பயணம் இப்படித்தான் இருக்கும். மூன்றாம் நான்காம் நாளில் நெற்றி வீங்கி, சிலருக்குக் கண் இமை வரை இறங்கும், தானாக வடிந்துவிடும். சில இரவுகள் தலையை உயர்த்தி வைத்துத்தான் தூங்க வேண்டும். முதல் தலைக்குளியலில் ஷவர் கூடாது. ஷாம்பு நுரையைத் தொட்டு வைத்து ஊறவிட்டு, சொம்பில் தண்ணீர் எடுத்து மெதுவாக வழியவிட வேண்டும். பத்து நாளில் கிராஃப்ட் பிடித்துவிடும். அப்போது விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் பொருக்கு உதிரும். ஒவ்வொரு பொருக்கிலும் அரிசி நொய் அளவுக்கு ஒரு குட்டி முடி ஒட்டிக்கொண்டு வரும். நட்டதே போயிற்று என்று நெஞ்சு பதறும். வருவது முடித்தண்டு மட்டும்தான், வேர் உள்ளேயே இருக்கிறது.

அப்புறம் இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டாம் மாதத்துக்குள் நட்ட முடியில் பெரும்பகுதி கொட்டும். முருங்கைப் போத்து நட்டால் இலையெல்லாம் உதிர்ந்து கட்டையாக நின்று பிறகு துளிர்க்குமே, அப்படித்தான். மூன்று நான்கு மாதத்தில் பூனைமுடிபோல மெல்லிசாகத் தலைகாட்டும். ஆறாம் மாதம் பாதி வளர்ச்சி, பன்னிரண்டாம் மாதம் முழுசாகத் தெரியும். உச்சந்தலை இன்னும் தாமதம், ஒன்றரை வருடம்கூட ஆகலாம். எனக்கு நட்டது முன்பக்கம் மட்டும் என்பதால் உச்சந்தலையைப் பற்றி அனுபவமாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

சரி, பின்பக்கம். ஸ்ட்ரிப்பில் தையல் பிரிக்கவே பத்துப் பதினான்கு நாள் ஆகும். கழுத்தைக் குனிந்தால் இழுக்கும், மல்லாந்து படுக்க முடியாது. ஒரு மாதம் கனமானது தூக்கக் கூடாது என்றார்கள். மண்டியில் மூட்டையைத் தொடாமல் அண்ணன் பட்ட பாடு எனக்குத் தெரியும். எனக்கு வந்தவை சிவப்புப் புள்ளிகள் மட்டும். சில நாளில் மூடின, மூன்றாவது வாரத்தில் வளர்ந்த முடியே மறைத்துவிட்டது. ஹெல்மெட் விஷயத்தில் இரண்டு பேருக்கும் விடிவு இல்லை. இரண்டு வாரம் வண்டியைத் தொடாமல் காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டைக்குப் பஸ்ஸில்தான் போனேன். வெயில் படவும் கூடாது. அதனால் எந்த முறையானாலும் கார்த்திகை, மார்கழியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த ஒரு மாத வலியை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது கடந்துபோகும். கடைசி வரை கூடவே இருப்பது தழும்பு. நம் பக்கத்து ஆண்களுக்கு அது ஏன் பெரிய விஷயம் என்றால், நாம் மொட்டை போடுகிறவர்கள்.

வேலூரிலிருந்து திருப்பதி சில மணி நேரத்தில் போய்விடும் தூரம், திருத்தணி அதைவிடப் பக்கம். பிள்ளைக்கு உடம்பு சரியானால் மொட்டை, வேலை கிடைத்தால் மொட்டை. இவை வேண்டுதல், தள்ளிப் போடலாம். அப்பா தவறிப்போனால் கருமாதியன்று மகன் தலையை மழிக்க வேண்டிய குடும்பங்களில் அதைத் தள்ளிப்போட வழியே இல்லை. சொந்தபந்தம் மொத்தமும் கூடி நிற்கும் அந்த நேரத்தில், காதிலிருந்து காது வரை ஒரு வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். பெரியப்பா காரியத்தில் அண்ணனுக்கு அதுதான் நடந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் “தலையில என்னப்பா ஆபரேஷன்?” என்று ஒருவர் மாற்றி ஒருவராகக் கேட்டார்கள். தலைவலியா, கட்டியா என்று அத்தை அழவே ஆரம்பித்துவிட்டார். அப்பனைப் பறிகொடுத்தவன் அந்த நேரத்தில் முடி நடவைப் பற்றி விளக்கிக்கொண்டு நிற்பது கொடுமை.

நன்றாகத் தைத்தால் கோடு ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் நிற்கும். தோல் இறுக்கமாக இருந்தாலோ தழும்பு தடிக்கும் உடம்பாக இருந்தாலோ அகலமாகிவிடும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அந்தத் தடிப்பு வரும் வாய்ப்பு அதிகம். பழைய வெட்டுக்காயம், தடுப்பூசித் தழும்பு ஏதாவது தடித்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். சலூனில் பின்பக்கம் மெஷினை ஒன்றாம் நம்பரில் போடும் பழக்கம் இருந்தாலும் ஸ்ட்ரிப் கோடு காட்டிக் கொடுக்கும். எஃப்.யூ.இ.யிலும் தழும்பு உண்டு, இல்லை என்று சொல்பவர் பொய் சொல்கிறார். ஆனால் அது சிதறிய வெளிர் புள்ளிகள். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். மழித்தால் நட்ட முடி போய்விடுமோ என்ற பயம் வேண்டாம், வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. ஒரு வருடம் ஆன பிறகு தாராளமாக மழிக்கலாம் என்பது எனக்குச் சொல்லப்பட்டது.

ஸ்ட்ரிப்புக்கும் நியாயம் உண்டு. செலவு பெரும்பாலும் குறைவு. பின்னந்தலை முழுக்க மழிக்க வேண்டியதில்லை, மேலே இருக்கும் நீள முடியே தையலை மறைத்துவிடும். அதனால் வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். முடி நிலைத்து நிற்கும் நடுப்பகுதியிலிருந்து மட்டுமே எடுப்பதால் அது பிற்காலத்தில் கொட்டும் பயமும் குறைவு. உச்சி வரை வழுக்கையாகி நிறையக் கிராஃப்ட் தேவைப்படுகிறவர், மொட்டை போடும் வழக்கமே இல்லாதவர், எப்போதும் முடியைக் கொஞ்சம் நீளமாக வைத்திருப்பவர், இவர்களுக்கு ஸ்ட்ரிப்பைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

எஃப்.யூ.இ.யின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கத்தி போகும் திசையில் வேர் வெட்டுப்பட்டால் அந்தக் கிராஃப்ட் வீண். சுருட்டை முடிக்கு இன்னும் கவனம் வேண்டும். எண்ணிக்கை காட்டுவதற்காக அளவுக்கு மீறி எடுத்தால் பின்னந்தலை பூச்சி அரித்ததுபோல் ஆகிவிடும், அங்கே திரும்ப முளைக்காது. ஆகவே விலையைக் கேட்கும் முன், தோண்டுவது யார் என்று கேளுங்கள். தோல் மருத்துவமோ பிளாஸ்டிக் சர்ஜரியோ முறையாகப் படித்தவர்கள்தான் இதைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்லியிருக்கிறது. 2016இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உடல்நிலை மோசமாகி, வேலூருக்குக் கொண்டுவந்தும் பிழைக்கவில்லை. மயக்க மருந்து யார் கொடுக்கிறார், அவசரமென்றால் என்ன ஏற்பாடு என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

அண்ணன் இப்போது அந்தத் தழும்பின் மேலேயே எஃப்.யூ.இ. முறையில் முடி நடலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். நடலாம், தாடையின் அடியிலிருந்து தாடி முடியை எடுத்துக்கூட நடுகிறார்கள். தழும்புத் திசுவில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் நட்டதெல்லாம் பிடித்துவிடாது, இரண்டாம் தவணையும் தேவைப்படலாம். அதற்கும் துளிர்த்து வளர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். பேரன் பிறந்தால் திருப்பதிக்கு வருவதாக வேண்டியிருக்கிறார். நடவை முதலில் முடித்துவிட்டு, மொட்டையை அடுத்த புரட்டாசிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.