படர்தாமரையோடு மூன்றரை வருடம்: எது கேட்டது, எது கெடுத்தது

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் அயர்ன் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். ஸ்டீம் பெட்டி பக்கத்தில் பத்து மணி நேரம் நிற்க வேண்டும், போட்டிருப்பது இறுக்கமான ஜீன்ஸ். 2022 சித்திரையில் தொடை இடுக்கில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு வட்டம் வந்தது. ஓரம் சிவந்து மேடாக இருந்தது, நடுவில் தோல் தெளிவாக இருந்தது. படர்தாமரை, வண்டுகடி என்றெல்லாம் சொல்வார்களே, அதேதான். வேர்த்தால் அரிப்பு தாங்காது.

மெடிக்கலில் கேட்டேன். "அண்ணா, இதைப் போடுங்க, ரெண்டே நாள்ல நின்னுடும்" என்று ஒரு டியூப் கொடுத்தார்கள். சொன்னபடியே நின்றது. அந்த நிம்மதியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்தது. திரும்பவும் டியூப், திரும்பவும் நிம்மதி. இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. அதற்குள் ஒரு வட்டம் இடுப்புக்கும் புட்டத்துக்கும் அக்குளுக்கும் போய்விட்டது. வட்டமாகக்கூட இல்லை, திட்டுத் திட்டாகப் பரவி, பார்த்தால் என்ன நோய் என்றே சொல்ல முடியாது. மனைவிக்கும் பையனுக்கும் வந்த பிறகுதான் தோல் டாக்டரிடம் போனோம்.

டாக்டர் முதலில் கேட்டது, "இத்தனை நாள் என்ன போட்டீங்க?" என்றுதான். டியூப்பைக் காட்டினேன். அதில் படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, கூடவே குளோபெட்டசால். அது ஸ்டீராய்டு, அதுவும் மிக வீரியமானது. அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். தோல் சிவப்பதும் அரிப்பதும் நம் உடம்பு பூஞ்சையை எதிர்ப்பதால் வருவது. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்கிவிடுகிறது. அரிப்பு நிற்கிறது, பூஞ்சை மட்டும் தடையில்லாமல் வளர்கிறது. மேல்தோலில் உள்ள கெராட்டின் என்ற புரதம்தான் அதற்குத் தீனி. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பூஞ்சைதான் என்று உறுதிசெய்த பிறகே மருந்து எழுதினார்.

இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. நான் வாங்கிய ஒரு டியூப்புக்கும் யாரும் சீட்டு கேட்கவில்லை. இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

டியூப்பை நிறுத்திய முதல் பத்து நாட்கள்தான் மிக மோசம். அடங்கியிருந்த சிவப்பும் அரிப்பும் மொத்தமாகக் கிளம்பின. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பயந்துபோய்ப் பழைய டியூப்பை எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள். ராத்திரிக்கு அரிப்பை அடக்கும் லெவோசெட்ரிசின் மாத்திரையை டாக்டர் கொடுத்திருந்தார். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டேன். அரிப்பு எடுத்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைப்பேன், ஓரளவு அடங்கும். சுடுதண்ணீர் ஊற்றினால் அந்த நிமிடம் சுகமாக இருக்கும், அரை மணி நேரத்தில் இரண்டு மடங்கு அரிக்கும்.

எனக்குக் கேட்டது இட்ராகொனசோல் மாத்திரையும் லூலிகொனசோல் கிரீமும், இரண்டும் பூஞ்சைக்கான மருந்துகள். பன்னிரண்டு வாரம். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். நான் தினமும் காலையில் கேஸ் மாத்திரை போடும் பழக்கம் உள்ளவன். வயிற்றில் அமிலம் குறைந்தால் இந்த மருந்து உடம்பில் சேராது என்று அதை நிறுத்தச் சொன்னார். இதய பலவீனம் உள்ளவர்களுக்கு இது ஆகாது, சில கொழுப்பு மாத்திரைகளோடும் சேராது, ஈரலையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும். அதனால் என் மருந்துப் பெயரைப் பார்த்து நீங்களாக வாங்க வேண்டாம். என்னோடு வேலை செய்யும் ஒருவருக்குப் பூஞ்சைக்கான இன்னொரு மருந்தான டெர்பினஃபைன் மாத்திரை கொஞ்சமும் கேட்கவில்லை. இங்கே இப்போது பரவலாக இருக்கும் பூஞ்சையில் அந்த மருந்துக்கு அடங்காத வகை நிறைய. 2020-ல் அதற்கு டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

கிரீமைத் திட்டின் மேல் மட்டும் தடவினால் போதாது, ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் சேர்த்துத் தடவ வேண்டும். ஆறாவது வாரத்தில் தோல் சுத்தமாகிவிட்டது. அப்போதே நிறுத்தத் தோன்றியது. நிறுத்தாமல் போட்டதால்தான் இன்று இரண்டு வருடம் ஆகியும் திரும்ப வரவில்லை என்று நம்புகிறேன்.

மருந்துக்குச் சமமாக உதவியவை வீட்டு ஏற்பாடுகள். மூவரும் ஒரே நேரத்தில் வைத்தியம் செய்துகொண்டோம். ஆளுக்கொரு துண்டு. உள்ளாடைகளைச் சுடுதண்ணீரில் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, தையல் ஓரத்தில் அழுத்தி அயர்ன் பண்ணுவேன். ஜீன்ஸை விட்டுவிட்டுத் தொளதொளப்பான காட்டன் பேன்ட்டுக்கு மாறினேன். கஷ்டமாக இருந்தது ஒன்றுதான், அரைஞாண் கயிறு. எந்நேரமும் ஈரமாக இடுப்பில் உரசிக்கொண்டிருக்கும், பூஞ்சை அதிலேயே தங்கிவிடும். டாக்டர் அறுத்துவிடச் சொன்னார். அம்மாவுக்கு மனசே இல்லை. கடைசியில் வெள்ளியில் வாங்கி, நோய் போன பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்தோம்.

வண்டுகொல்லி இலையையும் நடுவில் அரைத்துப் போட்டேன், சீமையகத்தி என்றும் சொல்வார்கள். பூஞ்சையை எதிர்க்கும் குணம் அதற்கு உண்டு. ஆனால் ஸ்டீராய்டால் மெலிந்துபோன என் தோலில் எலுமிச்சைச் சாறு கலந்து போட்டது பெரிய தப்பு, வெந்து புண்ணாகிவிட்டது. முகப் பவுடர் வேர்வையில் கட்டிபிடித்ததோடு சரி.

தொடையின் உள்பக்கம் பிரசவமான வயிற்றில் இருப்பதுபோல் கோடுகள் விழுந்துவிட்டன. ஸ்டீராய்டு செய்த வேலை, முழுதாகப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன மார்கழியில் அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரே அரிப்பு. வட்டம் கிடையாது, சிவப்பு கிடையாது, மீன் செதில் மாதிரி வெள்ளை வெள்ளையாக உரிந்தது. அவரும் முதலில் தேடியது என் பழைய டியூப்பைத்தான். நல்லவேளை, தூக்கிப் போட்டிருந்தேன். திட்டே இல்லாமல் நாள்கணக்கில் அரித்தால் சர்க்கரை, சிறுநீரகம், ஈரல், தைராய்டு, இரும்புச்சத்து எல்லாம் பார்க்க வேண்டும் என்பதால் ரத்தம் கொடுத்தோம். எல்லாமே சரியாக இருந்தன. வயதால் வந்த வறட்சி, அதன் மேல் தினமும் இரண்டு முறை சுடுதண்ணீரும் சோப்பும். இப்போது வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு முறைதான் குளிக்கிறார், சோப்பு தேவையான இடத்துக்கு மட்டும். துவட்டியும் துவட்டாமலும் ஈரம் இருக்கும்போதே பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிடுகிறேன். ஒரு வாரத்தில் ராத்திரி தூங்க ஆரம்பித்துவிட்டார்.